14 நகர்த்தலில் டிரா: விதி எதை அனுமதிக்கிறது, ஸ்கோர் ஷீட் எதைக் காட்ட வேண்டும்

இரண்டு சதுரங்க கிராண்ட்மாஸ்டர்கள் உட்காருகிறார்கள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, கைகுலுக்கி எழுந்துவிடுகிறார்கள். முடிவுப் பட்டியலில் ½–½ என்று ஏறுகிறது, அதாவது டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் குழப்பம். 40 நகர்த்தலுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று அந்தப் போட்டியின் விதியில் எழுதியிருக்கிறதே, இது எப்படிச் செல்லும்? இருவரும் பேசிவைத்து ஆடினார்களா? நடுவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

இந்தக் கேள்விகள் எதற்கும் ½–½ என்ற குறி பதில் சொல்லாது. ஆட்டம் எப்படி டிரா ஆனது என்பதைச் சொல்லக்கூடியது நகர்த்தல் பதிவு மட்டும்தான், ஆட்டக்காரர்கள் அதை எழுதும் தாள்தான் ஸ்கோர் ஷீட். ஆட்டம் எவ்வளவு சிறியதோ, அந்தப் பதிவில் ஒவ்வொரு வரியும் அவ்வளவு முக்கியம். 60 நகர்த்தல் ஆட்டத்தில் ஒரு வரி பிசகினாலும் ஆட்டத்தின் போக்கு புரிந்துவிடும். 14 நகர்த்தல் ஆட்டத்தில் கடைசி வரி விட்டுப்போனால் அது விதிப்படி முடிந்ததா, விதிக்குப் புறம்பாக முடிந்ததா என்பதே தெரியாமல் போகும்.

டிரா என்பது ஒரே வகை இல்லை

உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டப்படி ஓர் ஆட்டம் சமனாக முடிய முக்கியமாக ஏழு வழிகள் உண்டு.

1. ஒப்பந்த டிரா. இரு ஆட்டக்காரர்களும் ஆட்டத்தின்போது சம்மதித்து முடிப்பது. இருவரும் குறைந்தது ஒரு நகர்த்தலாவது ஆடியிருக்க வேண்டும்.
2. ஸ்டேல்மேட். நகர்த்த வேண்டியவரின் ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் ஆட நகர்த்தலும் இல்லை.
3. எந்த வழியில் ஆடினாலும் இருவராலும் செக்மேட் செய்யவே முடியாத நிலை. ராஜாவுக்கு எதிராக ராஜா மட்டும் நிற்பது இதற்கு எளிய உதாரணம்.
4. ஒரே நிலை மூன்று முறை வருவது. இது தானாக டிரா ஆகாது, யாராவது நடுவரிடம் கோர வேண்டும்.
5. ஒரே நிலை ஐந்து முறை வருவது. யாரும் கோராவிட்டாலும் ஆட்டம் அத்துடன் முடிந்தது.
6. இருவரும் தலா 50 நகர்த்தல் ஆடியும் காலாள் நகராமல், வெட்டு விழாமல் இருப்பது. இதையும் கோர வேண்டும்.
7. அதே கணக்கு 75 ஆனால் தானாக டிரா. 75-ஆவது நகர்த்தலே செக்மேட்டாக இருந்தால் மட்டும் செக்மேட் நிற்கும்.

இதில் முதலாவதையும் நான்காவதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். முதலாவது எதிராளியிடம் கேட்பது, அதை ஆட்டக்காரர்கள் ‘ஆஃபர்’ என்பார்கள். நான்காவது நடுவரிடம் கோருவது, அது ‘கிளெய்ம்’. ‘40 நகர்த்தலுக்கு முன் டிரா இல்லை’ என்ற விதி ஆஃபரை மட்டுமே தடுக்கிறது. கிளெய்மைத் தடுக்கவில்லை. குழப்பத்தில் பாதி இந்த வித்தியாசத்திலேயே தீர்ந்துவிடும்.

ஆஃபருக்கு ஒரு முறை உண்டு. முதலில் நகர்த்தலைப் பலகையில் ஆட வேண்டும், பிறகு டிரா கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். வேறு நேரத்தில் கேட்டாலும் ஆஃபர் செல்லும். ஆனால் எதிராளியின் கவனத்தைக் குலைத்ததாக நடுவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. நிபந்தனை வைக்க முடியாது, கேட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. எதிராளி வாயால் மறுக்கும் வரை, அல்லது ஆடும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொடும் வரை அது உயிரோடிருக்கும். ஆஃபர் வந்ததும் இருவரும் தங்கள் தாளில் அந்த நகர்த்தலின் அருகே (=) என்று குறிக்க வேண்டும். சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் அதிகம் மறக்கப்படும் குறி இதுதான்.

ஏன் சீக்கிரம் டிரா எடுக்கிறார்கள்

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

முதலில் ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண். இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் என்றால், கீழே இருப்பவரிடம் எதிர்பார்க்கப்படும் மதிப்பு ஓர் ஆட்டத்துக்கு 0.36. டிரா எடுத்தால் 0.5 கிடைக்கிறது, அதாவது 0.14 கூடுதல். அவருடைய கே மதிப்பு (ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20 என்றால் ரேட்டிங் 2.8 ஏறும், 10 என்றால் 1.4 ஏறும். சம ரேட்டிங் உள்ளவர்களுக்கு டிராவால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கறுப்புக் காயோடு வலுவான எதிராளியைச் சந்திப்பவர் 15-ஆவது நகர்த்தலிலேயே கை நீட்டுவதற்கு இதுவே போதும்.

அடுத்தது பரிசுப் பணம். ஒரு கற்பனைக் கணக்கு. ஓப்பன் போட்டியில் முதல் நான்கு பரிசுகள் 1,00,000, 60,000, 40,000, 20,000 ரூபாய். சமப் புள்ளி எடுத்தவர்கள் பரிசைக் கூட்டிப் பிரித்துக்கொள்வது விதி. கடைசிச் சுற்றுக்கு முன் இருவர் தலா 8 புள்ளியில் இருக்கிறார்கள், அவர்களே மோத வேண்டும். பின்னால் வருபவர்களுக்கு 7.

டிரா எடுத்தால் இருவருக்கும் 8.5. பின்னால் இருப்பவர்களால் அதிகபட்சம் 8-தான் எட்ட முடியும். ஆகவே முதல் இரண்டு பரிசும் இவர்களுக்கே, தலா 80,000 உறுதி. மோதி ஆடினால் வென்றவருக்கு 1,00,000. தோற்றவர் 8-இல் நிற்பார். பின்னாலிருந்து இருவர் வென்று 8-க்கு வந்தால் 60,000, 40,000, 20,000 மூன்றையும் கூட்டி மூன்றாகப் பிரிப்பார்கள், தலா 40,000. வெற்றி தோல்வி வாய்ப்பு சமம் என்று கொண்டால் சராசரி 70,000. சண்டை போடுவதற்கு ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் விலை. பரிசை இப்படி அமைத்துவிட்டு ஆட்டக்காரரின் மன உறுதியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடைசிச் சுற்றில் மேல் பலகைகளில் டிரா குவிவதற்கு இந்தக் கணக்கே முதல் காரணம்.

மூன்றாவது, நார்ம், அதாவது பட்டம் பெற ஒரு போட்டியில் எட்ட வேண்டிய தகுதி அளவு. கிராண்ட்மாஸ்டர் நார்முக்குப் பொதுவாக 9 ஆட்டங்களில் 2600 அளவிலான ஆட்டத் திறன் வர வேண்டும். எட்டு சுற்றுக்குப் பிறகு அரைப் புள்ளி போதும் என்ற நிலையில் ஒருவர் இருந்தால், அவர் ஒன்பதாவது சுற்றில் எதைத் தேடுவார் என்று விளக்க வேண்டியதில்லை.

தடை போட்ட வரலாறு

உலக சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க 1962-இல் குராசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டிதான் இந்த விவாதத்தின் தொடக்கப் புள்ளி. எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்றவரோடு நான்கு முறை. பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களும் டிரா, பெரும்பாலும் குறுகியவை. கடைசியில் பெட்ரோசியனுக்கு 17.5, மற்ற இருவருக்கும் 17. சோவியத் ஆட்டக்காரர்கள் பேசிவைத்து ஆடுகிறார்கள் என்று பாபி ஃபிஷர் அதே ஆண்டு அமெரிக்க வார இதழில் வெளிப்படையாக எழுதினார். ஃபிடே இரண்டு மாற்றங்கள் செய்தது. கேண்டிடேட்ஸ் சுற்று அடுத்த முறையிலிருந்து நாக் அவுட் மோதல்களாக மாறியது. 30 நகர்த்தலுக்கு முன் நடுவர் அனுமதி இல்லாமல் டிரா கூடாது என்ற விதியும் வந்தது. அந்த விதி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. நிலையை மூன்று முறை திருப்பி ஆடுபவர்களை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1984-இல் தொடங்கிய கார்ப்போவ்–காஸ்பரோவ் உலகப் பட்ட மோதல் வேறொரு பாடம். முதலில் ஆறு வெற்றி பெறுபவருக்குப் பட்டம், டிரா கணக்கில் இல்லை. டிராவால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத அந்த அமைப்பில் 48 ஆட்டங்களில் 40 டிரா ஆயின. 1985 பிப்ரவரி 15-இல் முடிவு இல்லாமலே மோதல் நிறுத்தப்பட்டது.

2005-இல் பல்கேரியாவின் சோஃபியாவில் எம்-டெல் மாஸ்டர்ஸ் போட்டியில் ‘சோஃபியா விதி’ வந்தது. ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் டிரா பேசவே கூடாது. மூன்று முறை நிலை திரும்புதல், முடிவில்லாத செக், கோட்பாட்டின்படி டிராவான இறுதிநிலை ஆகியவற்றை நடுவரிடம் கொண்டுபோகலாம், அவர் ஒத்துக்கொண்டால் டிரா. விஸ்வநாதன் ஆனந்தும் அந்தப் போட்டியில் ஆடினார், முதலிடம் டோபலோவுக்கு.

2008-இல் பில்பாவ் போட்டி வேறு வழியில் போனது. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. இரண்டு டிரா எடுத்தால் 2 புள்ளி, ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் வந்தால் 3. ஆகவே ரிஸ்க் எடுப்பவருக்கு லாபம். இதில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒரே எதிராளியை இருமுறை சந்திக்கும் போட்டியில், ‘நீ ஒன்று வெல், நான் ஒன்று வெல்கிறேன்’ என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் தலா 3 கிடைக்கும், இரண்டு டிராவில் தலா 2-தான். குறுகிய டிராவை ஒழிக்கப் போய் அதைவிட மோசமான ஒன்றுக்கு இந்த முறை விலை வைத்துவிடலாம்.

உலகப் பட்டப் போட்டிகளில் குறைந்தபட்ச நகர்த்தல் விதிதான் நிலைத்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு ஆட்டங்கள் போதும். 2016 நியூயார்க், கார்ல்சன்–கர்யாகின், 12-ஆவது ஆட்டம்: விதி 30, ஆட்டம் 30 நகர்த்தலில் முடிந்தது, மொத்தம் சுமார் 35 நிமிடம். 2018 லண்டன், கார்ல்சன்–கருவானா, 12-ஆவது ஆட்டம்: விதி 30, ஆட்டம் 31-இல் முடிந்தது. இந்த இரண்டாவதில் கார்ல்சனுக்குப் பலகையிலும் கடிகாரத்திலும் சாதகம் இருந்தது, அவரே டிரா கேட்டார். எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் ஆட்டம் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். 2021-இலிருந்து கோடு 40-க்கு நகர்ந்தது. 2024-இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் ஆடியதும் இந்த விதியில்தான். கடைசி ஆட்டத்தில் 40 தாண்டிய பிறகும் குகேஷ் விடாமல் ஆடினார். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்திப் பிழை செய்தார், 58-இல் ஆட்டம் முடிந்தது. அங்கே ஆட்டத்தை நீட்டியது விதி இல்லை, ஆட்டக்காரரின் விருப்பம்.

விதியை மீறாமல் 14 நகர்த்தல்: கிட்டத்தில் ஒரு பார்வை

40 நகர்த்தல் விதி இருந்தும் சீக்கிரம் எழுந்துபோக இன்று அதிகம் பயன்படும் வழிகளில் ஒன்று பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க வரிசையில் வருகிறது. இ4 போன்றவை கட்டங்களின் பெயர்கள், காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் நகர்ந்தது காலாள். வெள்ளையின் நகர்த்தல் முதலில், கறுப்பின் நகர்த்தல் அடுத்து.

1. இ4, இ5
2. குதிரை எஃப்3, குதிரை சி6
3. பிஷப் பி5, குதிரை எஃப்6
4. ராஜா பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்துவது), குதிரை இ4-இல் வெட்டு
5. டி4, குதிரை டி6
6. டி காலாள் இ5-இல் வெட்டு, குதிரை பி5-இல் வெட்டு
7. ஏ4, பி5 குதிரை டி4
8. குதிரை டி4-இல் வெட்டு, குதிரை டி4-இல் வெட்டு
9. ராணி டி4-இல் வெட்டு, டி5
10. இ காலாள் டி6-இல் வெட்டு (என் பாஸான்: இரண்டு கட்டம் தாவி வந்த காலாளை, ஒரு கட்டம் மட்டும் நகர்ந்ததுபோலக் கொண்டு வெட்டுவது), ராணி டி6-இல் வெட்டு
11. ராணி இ4 செக், ராணி இ6
12. ராணி டி4, ராணி டி6
13. ராணி இ4 செக், ராணி இ6
14. ராணி டி4, ராணி டி6

கறுப்பின் 10, 12, 14-ஆவது நகர்த்தல்களுக்குப் பிறகு பலகை ஒன்றே: வெள்ளை ராணி டி4, கறுப்பு ராணி டி6, ஆட வேண்டியது வெள்ளை. மூன்று முறை ஆயிற்று. யாரும் யாரிடமும் டிரா கேட்கவில்லை, ஆகவே 40 நகர்த்தல் விதி மீறப்படவில்லை.

‘அதே நிலை’ என்பதற்குச் சட்டம் சொல்லும் இலக்கணம் கறாரானது. அதே காய்கள் அதே கட்டங்களில் இருக்க வேண்டும். ஆட வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும். ஆடக்கூடிய நகர்த்தல்களும் அவையேயாக இருக்க வேண்டும். முதல் முறை காஸ்லிங் உரிமை இருந்து, நடுவில் ராஜா ஒருமுறை நகர்ந்து திரும்பி வந்திருந்தால், பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அது வேறு நிலை. முதல் முறை என் பாஸான் வெட்டு சாத்தியமாக இருந்திருந்தாலும் அப்படியே. இன்னொன்று, மூன்று முறையும் தொடர்ச்சியாக வர வேண்டியதில்லை, இடையில் ஆடிய நகர்த்தல்கள் ஒன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. 1971-இல் ப்யூனஸ் ஐரிஸில் ஃபிஷர்–பெட்ரோசியன் மோதலின் மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளையின் 30, 32, 34-ஆவது நகர்த்தல்களுக்குப் பிறகு ஒரே நிலை வந்தது. ஃபிஷர் கோரினார், டிரா.

கிளெய்ம் செய்யும் முறை

மேலே உள்ள ஆட்டத்தில் வெள்ளை 14-ஆவது நகர்த்தலாக ராணியை டி4-க்கு ஆடிவிட்டார். கறுப்பு டிரா கோர விரும்புகிறார். அவர் செய்ய வேண்டியவை:

1. 14-ஆவது வரியில் ‘ராணி டி6’ என்று தன் தாளில் எழுத வேண்டும். எழுதியதை மாற்ற முடியாது. நகர்த்தலை ஆடும் முன் எழுத அனுமதி உள்ள சில இடங்களில் இது ஒன்று.
2. ராணியைத் தொடக் கூடாது. காயைத் தொட்டுவிட்டால் அந்த முறைக்கான கோரும் உரிமை போய்விடும்.
3. கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்து, இந்த நகர்த்தலை ஆடப் போகிறேன், ஆடினால் நிலை மூன்றாவது முறை வரும் என்று சொல்ல வேண்டும்.
4. நடுவர் பதிவை வைத்துச் சரிபார்ப்பார். சரி என்றால் அந்தக் கணமே டிரா. தவறு என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், எழுதிய நகர்த்தலை ஆடியே ஆக வேண்டும், ஆட்டம் தொடரும்.

அதிகம் நடக்கும் பிழை, ராணியை டி6-இல் வைத்துவிட்டுப் பிறகு கை தூக்குவது. அப்போது முறை வெள்ளையுடையது, கோரும் உரிமையும் வெள்ளையுடையது. வெள்ளை கோராமல் வேறு நகர்த்தல் ஆடினால் கறுப்பு அந்த டிராவை இழந்தார்.

நடுவர் சரிபார்க்கும்போது இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, முடிந்தால் இன்னொரு பலகையில் முதலிலிருந்து ஆடிப் பார்ப்பார். ஆட்டப் பலகையைக் கலைக்க மாட்டார், கோரிக்கை தவறாக இருந்தால் அதே நிலையிலிருந்து ஆட்டம் தொடர வேண்டுமே.

தாளில் எங்கே பிசகுகிறது

கிளாசிக்கல் எனும் நீண்ட நேர ஆட்டத்தில் இருவரும் தங்கள் நகர்த்தலையும் எதிராளியின் நகர்த்தலையும் வரிசையாக, படிக்கும்படி எழுத வேண்டும். எதிராளி ஆடியதற்குப் பதில் ஆடிவிட்டுப் பிறகு எழுதலாம். ஆனால் தன் அடுத்த நகர்த்தலுக்கு முன் முந்தையது தாளில் இருக்க வேண்டும். தாள் எப்போதும் நடுவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக நேரம் இருந்து, நகர்த்தலுக்கு 30 விநாடியோ அதற்கு மேலோ கூடாத ஆட்டம் என்றால் மட்டும் எழுதுவதிலிருந்து விலக்கு. 90 நிமிடம், கூடவே நகர்த்தலுக்கு 30 விநாடி என்ற வழக்கமான முறையில் கடைசி நகர்த்தல் வரை எழுதியே ஆக வேண்டும்.

அப்படி எழுதப்பட்ட தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்:

1. வரி நழுவல். ஒரு நகர்த்தலை எழுத மறந்தால் அடுத்ததிலிருந்து வெள்ளையின் நகர்த்தல் கறுப்பின் பத்தியில் விழும். அல்லது ஒரு ஜோடி முழுதாக விட்டுப்போகும், இல்லாவிட்டால் ஒரே ஜோடி இருமுறை எழுதப்படும். தாளில் 40 என்று இருக்கும், உண்மையில் ஆடியது 39. டிரா விதியும் இங்கே உடையும், நேரக் கட்டுப்பாடும் இங்கே உடையும்.

2. எந்தக் காய் என்று சொல்லாமை. மேலே 7-ஆவது வரியைப் பாருங்கள். பி5-இலும் சி6-இலும் கறுப்புக் குதிரைகள் நிற்கின்றன, இரண்டாலும் டி4-க்குப் போக முடியும். வெறும் ‘குதிரை டி4’ என்று எழுதினால் எது என்று தெரியாது. அடுத்த வரியில் டி4-இல் இரண்டு வெட்டு விழுந்து ஒரு கறுப்புக் குதிரைதான் மிஞ்சுகிறது, எந்தக் குதிரை போயிருந்தாலும் பலகை ஒன்றாகிவிடும். அதனால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல், ஆட்டம் சேமிக்கப்படும் கணினிக் கோப்பு வரைக்கும் போய்விடுகிறது. ஆனால் சி6 குதிரை போயிருந்தால் வெள்ளை 8-ஆவது நகர்த்தலில் ஏ காலாளால் பி5-இல் நிற்கும் குதிரையை வெட்டியிருக்கலாம். தாளைப் படிப்பவருக்கு அது முற்றிலும் வேறு ஆட்டம்.

3. என் பாஸான். 10-ஆவது வரியில் வெட்டும் காலாள் போய் நிற்கும் கட்டம் டி6. வெட்டுப்பட்ட காலாள் இருந்தது டி5. பலர் ‘டி5-இல் வெட்டு’ என்று எழுதிவிடுகிறார்கள்.

4. (=) குறி இல்லாமை. யார், எப்போது கேட்டார் என்பதற்கு வேறு ஆதாரமே கிடையாது. ஒருவர் ஐந்து முறை கேட்டுத் தொந்தரவு செய்தார் என்று எதிராளி புகார் சொன்னால், இரு தாளிலும் குறி இல்லாதபோது நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது.

5. முடிவைப் பார்க்காமல் கையெழுத்து. ஆட்டம் முடிந்ததும் இருவரும் இரண்டு தாளிலும் முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும். தவறான முடிவு எழுதப்பட்டிருந்தாலும், நடுவர் வேறு முடிவெடுக்காத வரை அதுதான் நிற்கும் என்று சட்டமே சொல்கிறது.

ரேபிட், பிளிட்ஸ் எனும் வேக ஆட்டங்களில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கோரும் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே நடுவரின் கண்ணும் மின்பலகையின் பதிவும்தான் சாட்சி.

மின்பலகையும் கோப்பும் விழுங்குவது

நேரலையில் நாம் பார்ப்பது ஸ்கோர் ஷீட்டை இல்லை. டிஜிடி போன்ற மின்பலகை, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் நிற்கிறது என்பதை உணர்ந்து அனுப்பும் தகவலைத்தான். ஆட்டம் முடிந்ததும் இரு ராஜாக்களையும் நடுவில் வைத்து முடிவைத் தெரிவிப்பது வழக்கம். வெள்ளை வென்றால் இ4, டி5 என்ற வெள்ளைக் கட்டங்களில் வைப்பார்கள். கறுப்பு வென்றால் டி4, இ5 என்ற கறுப்புக் கட்டங்களில். டிரா என்றால் வெள்ளைக் கட்டத்தில் ஒன்று, கறுப்புக் கட்டத்தில் ஒன்று, உதாரணமாக இ4, இ5.

இங்கே மூன்று வகையில் பதிவு கெடும். ராஜாவை நடுவுக்கு எடுத்துப்போனது அந்த நிலையில் சட்டப்படியான நகர்த்தலாக அமைந்துவிட்டால் அது ஆட்டத்தின் கடைசி நகர்த்தலாக ஏறிவிடும். கைகுலுக்கிய பிறகு ‘இங்கே இப்படி ஆடியிருந்தால்’ என்று இருவரும் காய்களை நகர்த்திப் பார்த்தால் அதுவும் ஏறலாம். மூன்றாவதுதான் நம் விஷயத்தின் மையம்: எழுதி, ஆடாமலே கோரிய நகர்த்தல்.

பெர்லின் ஆட்டத்தில் கறுப்பு முறைப்படி ‘ராணி டி6’ என்று எழுதிக் கோரினார், நடுவர் ஏற்றார். அந்த நகர்த்தல் பலகையில் நடக்கவே இல்லை. ஆகவே மின்பலகைக் கோப்பு வெள்ளையின் 14-ஆவது நகர்த்தலோடு நிற்கும். அதை மட்டும் வைத்து எண்ணினால் எந்த நிலையும் மூன்று முறை வரவில்லை, இருமுறைதான் வந்திருக்கிறது. ‘மூன்று முறை வராமலேயே டிரா கொடுத்துவிட்டார்கள்’ என்று சந்தேகம் எழும். விதியைச் சரியாகப் பின்பற்றியவர்மீதே சந்தேகம் விழுகிறது, காயை ஆடிவிட்டுத் தப்பாகக் கோரியவரின் கோப்போ முழுமையாகத் தெரிகிறது. தாளை எடுத்து ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் தீரும் சங்கதி.

கோப்பு வடிவத்திலும் போதாமை உண்டு. உலகம் முழுதும் ஆட்டங்கள் சேமிக்கப்படும் பிஜிஎன் வடிவம் 1993-இல் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்தது. போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு என்று ஏழு தலைப்புகள் கட்டாயம். முடிவுக்கு நான்கே மதிப்புகள்: 1–0, 0–1, ½–½, முடியாத ஆட்டத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. ஆட்டம் எப்படி முடிந்தது என்று குறிக்க விருப்பத் தலைப்பு ஒன்று இருக்கிறது. அதில் நேரம் தீர்ந்தது, விதிமீறல், நடுவர் தீர்ப்பு என்றெல்லாம் எழுதலாம். ஆனால் ஒப்பந்த டிரா, ஸ்டேல்மேட், மூன்று முறை நிலை எல்லாமே ‘இயல்பான முடிவு’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. இருவருக்கும் பூஜ்யம் என்ற முடிவுக்கு இடமே இல்லை.

பேசிவைத்த டிரா என்று எப்போது சொல்லலாம்

ஆட்டத்தின்போது சம்மதித்து முடிப்பது உரிமை. ஆட்டத்துக்கு முன்பே முடிவைப் பேசிவைப்பது குற்றம். இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது கடினம் என்பதற்கு 1972-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலக மாணவர் அணிப் போட்டி பழைய உதாரணம். ஹூப்னரும் ரோகோஃபும் ஒரே நகர்த்தலில் டிரா என்றார்கள். சில நகர்த்தலாவது ஆட வேண்டும் என்று நடுவர்கள் வற்புறுத்தினார்கள். இருவரும் அர்த்தமே இல்லாத ஓர் ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள், ஐந்தாவது நகர்த்தலில் ராணி ஒரு காலாளை வெட்டித் தானும் வெட்டுப்பட்டது. மன்னிப்புக் கேட்டு மறுபடி ஆடச் சொன்னபோது ரோகோஃப் வந்தார், ஹூப்னர் வரவில்லை. புள்ளி ரோகோஃபுக்குப் போனது. பின்னாளில் பன்னாட்டு நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆனவர் அவர்தான்.

2023 டிசம்பரில் சமர்கண்டில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் துபோவும் நெபோம்னியாச்சியும் 13 நகர்த்தல்களும் குதிரைகளை மட்டுமே சுற்றவிட்டு டிரா எடுத்தார்கள். தலைமை நடுவர் முடிவை 0–0 என்று மாற்றினார். அங்கே பதிவே சாட்சி சொன்னது, எந்த ஆட்டக்காரரும் அப்படித் தற்செயலாக ஆட மாட்டார். பெர்லின் ஆட்டம் அப்படிப் பேசாது. ஒவ்வொரு நகர்த்தலும் வலுவானது, கோட்பாட்டில் உள்ளது.

அந்த மாதிரி ஆட்டத்தில் கூடுதல் தடயம் கடிகாரம் மட்டுமே. 90 நிமிடத்தோடு நகர்த்தலுக்கு 30 விநாடி கூடும் ஆட்டத்தில் 14 நகர்த்தலுக்குள் 7 நிமிடம் சேரும். ஒருவர் மொத்தம் 2 நிமிடம் மட்டும் செலவழித்தால் கடிகாரம் 95 நிமிடம் காட்டும், தொடங்கியபோது இருந்ததைவிட அதிகம். இருவர் கடிகாரமும் அப்படி நின்றால், இருவரும் அந்த வரிசையை மனப்பாடமாக ஆடினார்கள் என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. மனப்பாடம் தயாரிப்பினாலும் வரும், ஒப்பந்தத்தினாலும் வரும். ஒருவர் 10-ஆவது நகர்த்தலில் 25 நிமிடம் யோசித்துவிட்டுத் திருப்பி ஆடத் தொடங்கியிருந்தால் கதை வேறு, வேறு வழி தேடிக் கிடைக்காமல்தான் டிராவுக்குப் போயிருக்கிறார். நகர்த்தல் நேரம் இல்லாத கோப்பில் இந்த இரண்டு ஆட்டங்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும்.

போட்டி நடத்துபவரும் கோப்பைப் பயன்படுத்துபவரும் செய்யக்கூடியது

சோஃபியா விதியை எல்லா உள்ளூர் ஓப்பனுக்கும் கொண்டுவருவது தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு நாளில் இரண்டு கிளாசிக்கல் ஆட்டம் ஆடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, இருவருக்கும் தலா ராஜாவும் யானையும் மட்டும் மிஞ்சிய இறுதிநிலையில் இன்னொரு மணி நேரம் உட்காரவைப்பதில் சதுரங்கத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அதற்குப் பதில் எல்லாப் போட்டியிலும் செய்யக்கூடியவை:

1. 30-க்குக் குறைந்த நகர்த்தலில் முடியும் ஒவ்வொரு டிராவுக்கும், அது ஒப்பந்தமா, கிளெய்மா, தானாக வந்ததா என்று நடுவர் தாளில் ஒரு சொல் எழுதுவது. கிளெய்ம் என்றால் நிலை வந்த மூன்று வரி எண்களையும் குறிப்பது.
2. கோரியபோது எழுதி ஆடாத நகர்த்தலைக் கோப்பில் சேர்த்து, ‘எழுதிக் கோரியது’ என்று குறிப்புப் போடுவது.
3. (=) குறியைத் தாள் வாங்கும்போதே பார்ப்பது. ஒப்பந்த டிராவில் கடைசி வரியில் அது இல்லையென்றால் இருவரும் எழுந்துபோகும் முன் எழுதச் சொல்வது.
4. நகர்த்தல் நேரத்தோடு கூடிய கோப்பையே வெளியிடுவது. பலகையும் கடிகாரமும் இணைந்திருந்தால் இதற்குத் தனி வேலை இல்லை.
5. கோப்பு வெளியாகும் முன் கடைசி மூன்று வரிகளையாவது தாளோடு ஒப்பிடுவது. ராஜா காரணமில்லாமல் நடுக்கட்டத்தில் நிற்கும் ஆட்டங்கள் அத்தனையும் இதில் பிடிபடும்.

தொடக்க நகர்த்தல்களைப் படிக்கக் கோப்புகளைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு விஷயம். ‘இந்த வரிசையில் 70 விழுக்காடு டிரா’ என்று மென்பொருள் காட்டினால், 20-க்குக் குறைந்த நகர்த்தலில் முடிந்த டிராக்களை நீக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். எண் பெரிதாக மாறினால் அது அந்தத் தொடக்கத்தின் இயல்பைக் காட்டியிருக்கவில்லை, கடைசிச் சுற்றுகளின் கணக்கைக் காட்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கிவிடவும் கூடாது. மேலே சொன்ன பெர்லின் வரிசையில் 11-ஆவது நகர்த்தலில் வெள்ளை செக் கொடுக்காமல் ராணிகளை மாற்றிக்கொண்டு ஆடிய ஆட்டங்களைத் தனியே எடுத்து, அவை எப்படி முடிந்தன என்று பார்த்தால்தான், திருப்பி ஆடியவர்கள் எதைத் தவிர்த்தார்கள் என்பது தெரியும்.